எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? - தமிழாய்வாளர்களுக்கான கணினிப் பயிலரங்குகள் குறித்து

சில ஆண்டுகளுக்கு முன் என் நெறியாள்கையில் முனைவர் பட்ட ஆய்வை முடித்த மாணவி ஒருவரின் வாய்மொழித் தேர்வு நடந்தது. ஆய்வுப்பொருள், குறுந்தொகையில் பறவைகள். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்களையும் வரிவரியாகப் படித்து, பறவைப் பெயர் வரும் ஒவ்வோர் இடத்தையும் சிறு அட்டைகளில் குறித்துவைத்து, மூன்றாண்டுக் காலம் உழைத்து எழுதிய ஆய்வேடு அது. எந்தப் பறவை எத்தனை முறை வருகிறது என்பதற்குப் பின்னிணைப்பில் ஓர் அட்டவணையும் இருந்தது. புறத்தேர்வாளர் அந்த அட்டவணையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கடிந்துகொள்ளும் தொனி சிறிதுமின்றிக் கேட்டார்: "அம்மா, குருகு என்பதற்கு நேரே ஓர் எண் போட்டிருக்கிறீர்கள். அதை நான் மறுபடியும் எண்ணிப் பார்க்க விரும்பினால் எங்கிருந்து தொடங்குவது?"

மாணவி என்னைப் பார்த்தார். அட்டைகள் வீடு மாறியபோது தொலைந்திருந்தன. எந்தப் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு எண்ணினார், குருகு என்னும் சொல்லுக்கு வளையல் என்றும் பொருளுண்டே, அவ்வாறு பொருள்படக்கூடிய இடங்களை எப்படிப் பிரித்தார், பாடவேறுபாடு உள்ள இடங்களை என்ன செய்தார் என்பனவற்றுக்கெல்லாம் ஆய்வேட்டில் விடை இல்லை. பட்டம் கிடைத்துவிட்டது. அன்றைய தினம் சங்கடப்பட வேண்டியவர் அந்த மாணவி அல்லர். அந்த இயலைப் படித்துவிட்டுச் சரியென்று கையொப்பமிட்டவன் நான்.

கணினிப் பயிலரங்குகளைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் தமிழ்த்துறைகளில் இத்தகைய பயிலரங்குகளுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தத் தேர்வாளரின் கேள்விக்கு விடை சொல்ல ஒரு மாணவரையேனும் அவை ஆயத்தப்படுத்துகின்றனவா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

*

நாம் நடத்தும் பயிலரங்கின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததே. காலையில் குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, வாழ்த்துரைகள், பொன்னாடைகள். பதினொன்றரை மணிக்குத் தேநீர். அதன்பின் சிறப்பு விருந்தினர் கணினியின் வரலாற்றைச் சொல்வார்; திரையில் படங்கள் நகரும். உணவுக்குப் பிறகு ஒருங்குறியில் தட்டச்சு செய்வது எப்படி, வலைப்பூ தொடங்குவது எப்படி, விக்கிப்பீடியாவில் எழுதுவது எப்படி என்று ஒரு மணி நேரம். நான்கு மணிக்குச் சான்றிதழ். மறுநாள் புகைப்படங்கள் தர மதிப்பீட்டுக் கோப்பில் சேரும். இருநூறு பேர் கலந்துகொண்டிருப்பார்கள். அவர்களுள் விசைப்பலகையைத் தொட்டவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

தட்டச்சையும் விக்கிப்பீடியாவையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. அவை தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் அவற்றைச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முதலிய தன்னார்வலர்களின் உழைப்பால் நம் இலக்கியங்களைக் கணினியில் ஏற்றித் தந்தது. ஆனால் ஏற்றப்பட்ட நூல்களைக் கொண்டு ஆய்வுக் கேள்வி ஒன்றுக்கு விடை காண்பது வேறு பயிற்சி. அந்தப் பயிற்சிக்குப் பெயர் நிரலாக்கம். அது நமக்குரியதன்று, அறிவியல் துறையாருக்குரியது என்று நாமாகவே ஒதுங்கிக்கொண்டோம்.

விதிகள் நம்மை ஒதுக்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறைகளே, முனைவர் பட்டத்துக்கு முன்னான பாடநெறியில் ஆய்வு முறையியல் தாள் இருக்க வேண்டும், அதில் அளவுசார் முறைகளும் கணினிப் பயன்பாடும் இடம்பெறலாம் என்று கூறின. 2016ஆம் ஆண்டு நெறிமுறைகளும் இவற்றைக் குறிப்பிட்டன. நாமோ கணினிப் பயன்பாடு என்னும் சொற்றொடருக்கு, ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து பக்க எண் போடுவது என்று உரை எழுதிக்கொண்டோம்.

*

இந்த ஒதுக்கம் தமிழ்த்துறைக்கு மட்டும் உரிய நோயன்று. அறிவியலாளர்களும் ஒரு காலத்தில் இதே நிலையில்தான் இருந்தார்கள். இயற்பியலோ உயிரியலோ படித்தவர்கள் நிரல் எழுத வேண்டிய நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆனால் முறையாக எழுத அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதைக் கண்ட கிரெக் வில்சன், பிரென்ட் கோர்டா ஆகிய இருவர் 1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி', அதாவது மென்பொருள் தச்சு. பெயர்ப்பொருத்தம் கவனிக்கத்தக்கது. பெரும் பாலம் கட்டப் பொறியாளர் வேண்டும். வீட்டுக் கதவை நிலையில் பொருத்தத் தச்சுவேலை தெரிந்தால் போதும். ஆய்வாளருக்கு வேண்டியது இரண்டாவது. அந்த முயற்சி பல மாறுதல்களைக் கண்டு, 2018ஆம் ஆண்டில் தரவுப் பயிற்சிக்கென இயங்கிய 'டேட்டா கார்ப்பென்ட்ரி' என்னும் இணை அமைப்போடு சேர்ந்து 'தி கார்ப்பென்ட்ரீஸ்' ஆயிற்று. அதே ஆண்டில் நூலகர்களுக்கான பிரிவும் அதனுடன் இணைந்தது.

அவர்களுடைய பயிலரங்கு பெரும்பாலும் இரண்டு நாள். கட்டளை வரி, பைத்தான் அல்லது ஆர் என்னும் மொழி, கோப்பின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்னும் கருவி ஆகியவை பாடம். ஆனால் பாடத்தைவிடப் பாடம் நடத்தும் முறையே என்னைக் கவர்ந்தது. ஆசிரியர் படங்களைத் திரையில் நகர்த்துவதில்லை. மாணவர் கண்முன்னே ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்கிறார். மாணவரும் கூடவே செய்கிறார்கள். ஆசிரியர் பிழை செய்கிறார்; பிழைச் செய்தியை எப்படிப் படிப்பது, எப்படித் திருத்துவது என்று அங்கேயே காட்டுகிறார். ஒவ்வொருவர் முன்னாலும் இரு நிறங்களில் ஒட்டுத்தாள்கள் இருக்கும். முடித்தவர் ஒரு நிறத்தை மடிக்கணினியில் ஒட்டிவைப்பார். தடுமாறுபவர் மற்றதை ஒட்டிவைப்பார். கை தூக்கிக் கூச்சப்பட வேண்டியதில்லை. உதவியாளர் தாமே வந்து நிற்பார். 'இது மிகவும் எளிது' என்று சொல்லக்கூடாது என்பதும் ஆசிரியர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. எளிது என்று ஆசிரியர் சொன்னதைத் தன்னால் செய்ய முடியாதபோது மாணவர் தம்மையே முட்டாள் என்று எண்ணிக்கொள்கிறார் அல்லவா? இலக்கண வகுப்பில் இருபது ஆண்டுகளாக 'இது எளிது' என்று சொல்லிவந்த எனக்கு இது சுருக்கென்று தைத்தது.

அவர்களுடைய பாடங்களை, மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு எவரும் எடுத்தாளலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம். ஆகவே பொருள் இல்லை என்று நாம் சாக்குச் சொல்ல வழியில்லை.

*

அந்த முறையைப் பின்பற்றி, கணினி அறிவியல் துறை நண்பர் ஒருவரும் நானுமாக எங்கள் ஆய்வு மாணவர்களுக்கு இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றை நடத்தினோம். திறப்புவிழா இல்லை, இருபது பேர் மட்டுமே. நண்பர் முதலில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்து, இதில் எத்தனை எழுத்து என்று கேட்டார். மூன்று என்றார்கள் எல்லோரும், சற்று ஏளனச் சிரிப்போடு. அதே கேள்வியைப் பைத்தானிடம் கேட்டார். ஐந்து என்றது.

அரங்கில் சிறிது நேரம் அமைதி. பிறகு ஒரே இரைச்சல். கணினி தவறு என்றார் ஒருவர். நண்பர் பொறுமையாக விளக்கினார்: ஒருங்குறியில் த ஒரு குறி, ம ஒரு குறி, இகர விசிறி ஒரு குறி, ழ ஒரு குறி, புள்ளி ஒரு குறி. கணினி எண்ணியது எழுத்துகளை அல்ல, குறிகளை. அப்போது பின் வரிசையிலிருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "அப்படியானால் எழுத்து என்றால் என்ன என்பதை நாம்தான் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்" என்றார். அந்த வாக்கியத்துக்காகவே பயிலரங்கு நடத்தியது தகும். முதலெழுத்து, சார்பெழுத்து, உயிர்மெய் என்று நாம் தேர்வுக்காகப் படித்தவை திடீரென்று வேலைக்கு வேண்டிய கருவிகளாயின. மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்தால் ஓர் எழுத்து என்று பிரித்துத்தரும் நிரலை அன்று மாலைக்குள் அவர்களே எழுதினார்கள். 'ஓப்பன் தமிழ்' என்னும் பைத்தான் நிரலகத்தில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது என்பதை வேண்டுமென்றே அடுத்த நாள்தான் சொன்னோம்.

அடுத்தது அகரவரிசை. சொற்களை வரிசைப்படுத்தச் சொன்னால் கணினி, ஒருங்குறி அட்டவணையின் வரிசையில் அடுக்கித் தருகிறது. அதில் னகரம் நகரத்துக்கு அடுத்து நிற்கிறது. றகரம் ரகரத்தை ஒட்டி வருகிறது. ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னே போய்விடுகின்றன. இப்படி அடுக்கிய சொல்லடைவை எந்த நெறியாளர் ஏற்பார்? வரிசை தவறு என்று கண்டுபிடிக்கத் தமிழ் தெரிய வேண்டும். அதைத் திருத்த நிரல் தெரிய வேண்டும். இரண்டும் ஒருவரிடமே இருந்தால் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். இருவரிடம் பிரிந்திருந்தால் கடிதப் போக்குவரத்திலேயே மாதங்கள் கழியும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத பிழை. 'கொ' என்னும் எழுத்தைக் கணினியில் இருவகையாகப் பதியலாம். ககரத்தோடு ஒகரக்குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ககரத்தோடு கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ வேறு வேறு. ஆகவே கொண்கன் என்னும் நெய்தல் தலைவனை ஒருவகையில் தேடினால், மற்ற வகையில் பதியப்பட்டவன் அகப்படமாட்டான். இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர ஒருங்குறி ஒரு வழி வகுத்திருக்கிறது. நிரலில் ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரியின் தேவை தெரியாதவர், இல்லாத முடிவை உண்மையென்று எழுதிவிடுவார்.

*

இனி அந்தக் குருகுக்கு வருவோம். 'குருகு' என்று அப்படியே தேடினால் குருகே, குருகின், குருகொடு போன்றவை வாரா. ஈற்று உகரம் கெட்டுவிட்டதே. சரி, இறுதி உகரக்குறியை விட்டுவிட்டுத் தேடினால் இவை எல்லாம் வரும். கூடவே குருக்கத்தியும் வந்து நிற்கும். சீர் பிரித்து அச்சிட்ட பதிப்பைக் கணினியில் ஏற்றியிருந்தால், வகையுளியால் ஒரு சொல்லே இரு சீர்களில் பிளவுபட்டு நிற்கக்கூடும், அதுவும் தப்பிவிடும். திருக்குறளில் இடைவெளிகளை வைத்து எண்ணி, நூலில் 9310 சொற்கள் என்று எழுதுபவர் எண்ணியது சீர்களையேயன்றிச் சொற்களை அன்று. 1330 குறளையும் ஏழால் பெருக்கத் தெரிந்தவருக்கு அதற்குக் கணினியே தேவையில்லை.

இவை கணினியின் குறைகள் அல்ல. கையால் எண்ணும்போதும் இதே முடிவுகளை நாம் எடுக்கிறோம். எடுத்ததை அறியாமல் எடுக்கிறோம், எழுதிவைக்காமல் விடுகிறோம். நிரல் எழுதும்போது ஒவ்வொரு முடிவையும் வெளிப்படையாகச் சொல்லாமல் ஓர் அடி நகர முடியாது. என் பார்வையில் நிரலாக்கத்தின் முதற்பயன் விரைவு அன்று, இந்த வெளிப்படைத்தன்மைதான். எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்று தேர்வாளர் கேட்டால், நிரலையும் நூற்கோப்பையும் அவர் கையில் கொடுத்து, இங்கிருந்து என்று சொல்லலாம்.

பிறர் சரிபார்க்க முடியாத கணக்கு என்ன விளைவிக்கும் என்பதற்கு வேறு துறையிலிருந்து ஒரு சான்று. கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்னும் பெயர்பெற்ற பொருளியலாளர்கள், நாடுகளின் கடன் ஓர் அளவைத் தாண்டினால் வளர்ச்சி குன்றும் என்று 2010இல் எழுதிய கட்டுரையைப் பல நாட்டு அரசியலாளர்கள் மேற்கோள் காட்டினார்கள். 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், அவர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி காணும்போது ஐந்து நாடுகளின் வரிசைகள் விடுபட்டிருந்தன. வேறு குறைகளையும் அவரும் அவருடைய ஆசிரியர்களும் சுட்டிக்காட்டினார்கள். எக்செல் பிழையை மூல ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள்; முடிவை விட்டுக்கொடுக்கவில்லை என்பது வேறு. கோப்பு கிடைத்ததால்தான் ஒரு மாணவரால் அதைக் காண முடிந்தது. நம் ஆய்வேடுகளின் அட்டவணைகளுக்குப் பின்னால் அப்படிக் கேட்டு வாங்கத்தக்க கோப்பு எத்தனைக்கு இருக்கிறது?

*

மறுப்புகள் மூன்றை அடிக்கடி கேட்கிறேன்.

முதலாவது, எண்ணத் தொடங்கினால் சுவை போய்விடும் என்பது. கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாடலில் தலைவன் தலைவியை மணந்தபோது அங்கிருந்தது ஒரு குருகுதான். அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனையே பார்த்துக்கொண்டிருந்தது. நிரல் அந்த வரியைக் கொண்டுவந்து நம் முன் வைக்கும், அவ்வளவுதான். சாட்சி சொல்ல முடியாத ஒன்றையே சாட்சியாக வைத்த அந்தப் பெண்ணின் துயரத்தை நிரல் அறியாது. அதை அறிவது நம் வேலை. தேடும் வேலை குறைந்தால் அந்த வேலைக்கு நேரம் மிகும். சொல்லடைவு என்பது நமக்குப் புதியதுமன்று. வ. அய். சுப்பிரமணியம் 1962இல் புறநானூற்றுக்குச் சொல்லடைவு வெளியிட்டார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை பழந்தமிழ் நூல்களுக்கு மூன்று தொகுதிகளில் சொல்லடைவு வெளியிட்டது. அவற்றைப் பயன்படுத்தியதால் எவருடைய சுவையும் கெட்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவது, இதைக் கணினித் துறையார் செய்து தரட்டுமே என்பது. செய்து தந்திருக்கிறார்கள், நன்றி. சங்க இலக்கியத் தொடரடைவை இணையத்தில் நமக்கு ஆக்கித் தந்த ப. பாண்டியராஜா கணிதப் பேராசிரியர். அவர் தமிழையும் ஆழ்ந்து கற்றார் என்பதால்தான் அது சாத்தியமாயிற்று. கணிதம் படித்த ஒருவர் தமிழ் கற்று நம் வாசலுக்கு வந்திருக்கிறார். தமிழ் படித்த நாம் அவர் வாசல்வரை நடக்கக்கூடாதா?

மூன்றாவது, அண்மைக்கால மறுப்பு: செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, நாம் ஏன் கற்க வேண்டும்? எழுதித் தருகிறது, உண்மை. ஆனால் 'தமிழ்' என்பதில் ஐந்து எழுத்து என்று அந்த நிரல் சொன்னால், அது தவறென்று அறிய நமக்கு அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். இல்லாத பாடல் எண்ணையும் இல்லாத உரையையும் அது நாக்கூசாமல் சொல்லும் என்பதைப் பயன்படுத்தியவர்கள் அறிவார்கள். சரிபார்க்கத் தெரியாதவர் கையில் அந்தக் கருவி கிடைப்பது பழைய நோயை இன்னும் விரைவாகப் பரப்பும். ஆகவே பயிலரங்கின் தேவை முன்னைவிடக் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

*

என் கருத்தைத் தொகுத்துச் சொல்கிறேன். பயிலரங்கு இரண்டு நாளாக இருக்கட்டும்; இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டா. ஒவ்வொருவரும் தம் ஆய்வுக் கேள்வியோடும் தம் நூற்கோப்போடும் வரட்டும். பிறர் தரவில் பயின்றது ஊருக்குப் போனதும் மறந்துவிடும். தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரே மேடையில் நின்று நடத்தட்டும். மாதம் ஒருமுறை அதே குழு கூடித் தடங்கல்களைப் பேசட்டும். இரண்டு நாளில் எவரும் நிரலாளர் ஆகிவிடமாட்டார்கள். எண்ணிக்கை இடம்பெறும் ஆய்வேட்டில், எந்தப் பதிப்பு, என்ன விதி, எந்த நிரல் என்பவை பின்னிணைப்பில் வர வேண்டும் என்று நெறியாளர்கள் கேட்கட்டும்.

இந்த ஒழுக்கம் அயலிலிருந்து வந்ததாக நினைக்க வேண்டா. ஏட்டுச் சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இராது. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வேறுபாடு இராது. ரகரமும் காலும் ஒன்றுபோலிருக்கும். அவற்றிலிருந்து உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1937இல் குறுந்தொகையையும் பதிப்பித்தார். எந்தச் சுவடியில் என்ன பாடம் என்று குறித்துவைத்தார். தாம் ஏற்காத பாடத்தையும் அடிக்குறிப்பில் வாசகருக்குக் காட்டினார். கிட் என்னும் கருவி இன்று செய்வது இதைத்தான்: எது மாறியது, யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதை அழியாமல் வைத்திருப்பது. பதிப்பாசிரியர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றுவதே வியப்பு.

முதலில் சொன்ன மாணவி இப்போது ஒரு கல்லூரியில் பணியாற்றுகிறார். எங்கள் பயிலரங்குக்கு அவரையும் அழைத்திருந்தேன். வந்தார், பின் வரிசையில் உட்கார்ந்தார். இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. குருகு வரும் இடங்களின் பட்டியல், பாடல் எண்ணும் அடி எண்ணும் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே பறவையா, வளையா, ஐயமா என்று ஒரு குறிப்பு, கீழே நிரல். ஆய்வேட்டில் இருந்த எண்ணும் இந்தப் பட்டியலின் எண்ணும் ஒன்றல்ல. வேறுபாடு ஏன் என்பதையும் இடம் இடமாக எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: "ஐயா, புறத்தேர்வாளருக்கு அனுப்பலாமா?"

அனுப்பச் சொன்னேன். என் கையொப்பம் உள்ள ஆய்வேட்டின் பிழைத்திருத்தம் அது. என் பெயரையும் சேர்த்தே அனுப்பச் சொன்னேன்.